பசியறிந்து பாசி விற்கும் கடை

பெங்களூரில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களில் பலர், மீனுக்கும் விளக்குக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு, கடற்பாசியை மட்டும் கொசுறாகக் கேட்டு வாங்குவார்கள். கடைக்காரர்களும் ஏதோ ஒரு தொட்டியின் மூலையில் கிடக்கும் பாசியில் ஒரு பிடியைப் பையில் திணித்துக் கொடுத்துவிடுவார்கள். சில வாரங்களில் அது வெளுத்து நைந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்போது, ‘இந்த ஊருக்குப் பாசி ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அல்சூரில் பஜார் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் ஒரு சிறிய கடை, அந்த முடிவுக்கு வருவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்று சொல்லத்தக்க வகையில் பாசியை வளர்த்து விற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் எனக்கும் அது வசதிதான்.

கடையின் முன்பகுதியைப் பார்த்து ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. தங்கமீன், கப்பி, மீன் தீவனப் பொட்டலம், பல நிறக் கூழாங்கல் என்று எல்லாக் கடைகளிலும் உள்ளவைதான் அங்கும் இருக்கின்றன. பின்னறையில்தான் கடல்நீர்த் தொட்டிகள் உள்ளன; அவற்றிலும் பாசிக்கென்று மூன்றடுக்கு வரிசை ஒன்று தனிக் குழாய், தனி மோட்டார், தனி நீர் என்று முழுவதும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடல் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கடைக்காரர்கள் தாமிர மருந்து ஊற்றுவார்கள். அந்தத் தாமிரம் பாசிக்கும், இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் கேடு செய்யும். எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே நீரைச் சுற்றவிடும் கடையில் வாங்கிய பாசி, வீட்டுக்கு வருமுன்பே பாதி செத்திருக்க வாய்ப்புண்டு. இங்கே வலைகூடத் தனி. பச்சைப் பிடி போட்ட வலையை மீன் தொட்டியில் விட்ட பையன் ஒருவன் உரிமையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வரிசையின் மேலுள்ள விளக்குகள் கண்ணுக்கு அழகானவை அல்ல. பவளத் தொட்டிகளில் பார்க்கும் ஆழ்ந்த நீல ஒளிக்குப் பதிலாக, சிவப்பும் நீலமும் கலந்த ஊதா வெளிச்சம் அறை முழுவதும் பரவிக் கிடக்கிறது. பச்சையம் சிவப்பில் சுமார் 660 நானோமீட்டர் அளவிலும் நீலத்தில் 430 முதல் 450 வரையிலும் ஒளியை நன்றாக ஈர்ப்பதால், செடி வளர்ப்புக்கென்று விற்கும் எல்இடி விளக்குகள் பச்சைப் பாசிக்கும் பொருந்துகின்றன. ஆழ்கடலில் சிவப்பொளி எட்டாது என்ற வாதம் ஓரடி ஆழத் தொட்டிக்குப் பொருந்தாது. மீன்தொட்டிக்குக் கீழே பாசி வைக்கும் அடித்தொட்டிக்கு விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை என்பதைக் கடையே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. 15 வாட் விளக்கை நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஆறு யூனிட் சொச்சம்தான் ஆகும்.

இக்கடையின் உண்மையான மதிப்பு கல்லாவில் தெரிகிறது. பணத்தை நீட்டுவதற்கு முன் கேள்வி வந்துவிடும்: ‘நைட்ரேட் எவ்ளோ சார், பாஸ்பேட் எவ்ளோ? எப்போ பார்த்தீங்க?’ மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் இவ்விரண்டும்தான் பாசியின் உணவு. சொல்லத் தெரியாதவர்களிடம் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார் உரிமையாளர். சோதித்துப் பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. இதனால் கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இணையத்தில் அவர்கள் குறைந்த நட்சத்திரங்களோடு எழுதியிருப்பதையும் காணலாம். ஆனால் பாசியை உயிருள்ள பயிராக மதிக்கும் கடைக்கும், அழுக்கை உறிஞ்சும் பஞ்சாக நினைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு சனிக்கிழமை, கல்லூரி முடித்த வயதுள்ள ஓர் இளைஞர் தன் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்லிக் கீட்டோ எனப்படும் பச்சை இழைப் பாசியைக் (கீட்டோமார்ஃபா) கேட்டார். ‘பூஜ்யம்னா இது என்ன தம்பி சாப்பிடும்?’ என்று உரிமையாளர் கேட்டதும் அவருக்குப் பதில் வரவில்லை. கொண்டுவந்த நீரைச் சோதித்தபோது நைட்ரேட் உண்மையாகவே தென்படவில்லை, பாஸ்பேட் மட்டும் 0.2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 0.2 பங்கு, இருந்தது. இரண்டையும் குறைக்கப் பாசி வேண்டும் என்று வந்தவரிடம், இந்த நீரில் பாசி ஒன்றையும் குறைக்காது என்று அவர் சொன்னது முரணாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது.

கடலடியில் வளரும் தாவரங்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறத்தாழ 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாக 1983இல் அட்கின்சனும் ஸ்மித்தும் எழுதினார்கள். நாம் அடிக்கடி கேள்விப்படும் 106:16:1 என்ற ரெட்ஃபீல்டு விகிதம் மிதவை உயிரிகளுக்கானது. முதல் விகிதத்தை நம் சோதனைக் கருவிகள் காட்டும் எடை அளவுக்கு மாற்றிப் பார்த்தால், ஒரு பங்கு பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளப் பாசிக்குச் சுமார் இருபது பங்கு நைட்ரேட் தேவைப்படுகிறது. அப்படியானால் அந்த இளைஞரின் 0.2 பிபிஎம் பாஸ்பேட் முழுவதும் பாசிக்குள் போவதற்குக் கிட்டத்தட்ட 4 பிபிஎம் நைட்ரேட் வேண்டும். அது இல்லாத நீரில் போட்ட பாசி, சேமிப்பில் உள்ளதைக் கொண்டு சிறிது காலம் பச்சையாக இருந்துவிட்டு, பிறகு மஞ்சளாகி, இழைகள் கண்ணாடி போலத் தெளிந்து, தொட்டால் அறுபடும் நிலைக்கு வந்துவிடும். அழுகும்போது உள்ளே இருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீரிலேயே திருப்பிக் கொட்டிவிடும் என்பதால், பாசி வைத்த பிறகு தண்ணீர் கெட்டுப்போனது என்று சிலர் சொல்வதும் பொய்யில்லை.

அன்று அவருக்கு ஒன்றும் விற்கப்படவில்லை. அவர் போட்டிருந்த, பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளின் அளவைக் குறைக்கவும், மீனுக்குத் தீவனத்தைச் சற்றுக் கூட்டவும், அதுவும் போதாவிட்டால் தூய பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்து ஊற்றவும் சொல்லி அனுப்பினார்கள். நூறு லிட்டர் நீரில் 163 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட் நைட்ரேட்டை 1 பிபிஎம் உயர்த்தும். ஆய்வக வேதிப்பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் இந்தப் பொடியைப் பரிந்துரைப்பதில் இக்கடைக்கு ஆதாயம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம், ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 24 முதல் 27 பாகை என்று கல்லாவின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்கள், பச்சைப் பாசி வைத்துள்ள பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் போதுமான வழிகாட்டி. வெப்பத்தைப் பொறுத்தவரை இந்த ஊர்வாசிகளுக்குக் கொடுப்பினை உண்டு. ஏப்ரல் மாதத்தை விட்டால், சென்னையில் கடல்நீர்த் தொட்டிக்குக் கட்டாயமாகிவிட்ட குளிர்விப்பான் இங்கே பலருக்குத் தேவைப்படுவதில்லை.

பாசியைக் கையாள்பவர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. அவருடைய வீட்டுப் பெண்கள் மண்டபம், பாம்பன் கரைகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்தவர்கள் என்பதால், பின்னறையில் கிராசிலேரியா என்று சீட்டு ஒட்டிய தொட்டியை அவர் கஞ்சிப் பாசித் தொட்டி என்றே குறிப்பிடுகிறார். விற்குமுன் கீட்டோ உருண்டையை வெள்ளைத் தட்டில் போட்டு, கீரை ஆய்வது போல இழை இழையாகப் பிரித்துப் பார்க்கிறார். கம்பி போல விறைப்பாக, விரலால் அழுத்தி விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் பகுதியை மட்டும் எடுத்து வைக்கிறார். ஊதா நிறச் சளி படிந்த இழைகளையும், உள்ளே சிக்கிக்கொண்டு வெளிச்சம் படாமல் வெளுத்த இழைகளையும் கழிக்கிறார். கண்ணாடி அனிமோன் எனப்படும் ஐப்டேசியா ஒட்டியிருந்தால் அந்த உருண்டையையே ஒதுக்கிவிடுகிறார், ஏனென்றால் துண்டு ஒன்று தப்பினாலும் அது புதிய தொட்டி முழுவதும் பெருகும். குட்டி இறால் போலத் துள்ளும் ஆம்பிபாடுகளை மட்டும் தட்டிவிடுவதில்லை. ‘அதுங்க இருக்கட்டும் சார், பாசி மேல படியிற அழுக்கைத் திங்கும்’ என்பார். இவ்வளவு பொறுமையாகப் பாசியைப் பார்த்துத் தரும் கடை இந்த ஊரில் வேறு எனக்குத் தெரியாது.

கௌலர்ப்பா வகைகளைக் கேட்டால் முதலில் எச்சரிக்கைதான் கிடைக்கும். கௌலர்ப்பா பார்ப்பதற்குக் கொடியும் இலையுமாக இருந்தாலும், உள்ளே குறுக்குச் சுவர்களே இல்லாத ஒற்றை உயிரணு. இனப்பெருக்கக் காலம் வந்தால் உடலின் உள்ளடக்கம் முழுவதையும் நீரில் கொட்டிவிட்டு, வெள்ளைத் தோலாக மிஞ்சிவிடும். ஒரே காலையில் நீர் பால்போலக் கலங்கி, பிராணவாயு குறைந்து, மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறப்பது அப்போதுதான். அதற்கு முந்தைய நாள் இலைகளில் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதைக் கவனித்து, அந்தக் கொடிகளை வெளியே எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். அக்கா வாடிக்கையாளர்களுக்கு இதைத் தொட்டியிலேயே சுட்டிக்காட்டுகிறார். கீட்டோவுக்கு வீட்டுத் தொட்டிகளில் இந்தத் தொல்லை மிகவும் அரிது என்பதால், புதியவர்களுக்கு அதையே தருகிறார்கள். என் கணிப்பும் அதுதான். கௌலர்ப்பாவின் அழகில் மயங்குகிறவர்கள், வாரந்தோறும் கத்தரிக்கும் பொறுமை தங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழித்த பாசியை எங்கே போடுவது என்பதிலும் கடை கறாராக இருக்கிறது. 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் காணப்பட்ட கௌலர்ப்பா டாக்சிஃபோலியா பிறகு மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் பரவியது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தலைகாட்டிய அதே பாசியை முற்றாக ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 ஆகிவிட்டது. நம் பக்கத்திலும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பெங்களூரில் கடல் இல்லையே என்று கேட்கலாம். விடுமுறைக்கு மங்களூருக்கோ சென்னைக்கோ காரில் போகும்போது, வேண்டாத பாசியைக் கடலில் விட்டுவிட்டு வந்ததாக நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களை நானே அறிவேன். வெயிலில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள் என்று பையின் மேலேயே தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டிருக்கிறார்கள். கடற்பாறை என்ற பெயரில் சிலர் விற்கும் பவளக் கற்களும் இங்கே கிடையாது. கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன என்று சொல்லி, நுண்துளைகள் உள்ள பீங்கான் கட்டிகளை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இனிக் குறைகள். சிவப்புப் பாசிகளை இக்கடையில் வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹாலிமேனியா போன்ற அகலச் சிவப்பு இலைகள் வெளியூரிலிருந்து வந்த நாளிலேயே விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. பச்சைப் பாசியைப் போல அவை இங்கே வளர்க்கப்படுவதில்லை. பயணத்தில் நொந்து, உப்பளவு மாறிய நீருக்குள் விழுந்த இலை, இரண்டு மூன்று வாரத்தில் ஓரம் கரைந்து கூழாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். கேட்டால் ‘அது அப்படித்தான் சார், லக்கு’ என்று பதில் வருகிறது; கீட்டோவுக்கு நீர்ச் சோதனை கேட்கும் கடையிலிருந்து இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. சுண்ணாம்பு உடலுள்ள ஹாலிமிடா பரவாயில்லை. கால்சியம் 400 பிபிஎம்முக்குக் குறையாமலும் காரத்தன்மை 8 டிகேஎச்சுக்குக் கீழே போகாமலும் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது குறை, கடை தன் பெயரில் விற்கும் பாசி உரம். கீட்டோவுக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தும் நிறம் வெளிறினால், பெரும்பாலும் இரும்புச் சத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடல்நீரின் பிஎச் 8க்கு மேல் இருப்பதால் சாதாரண இரும்பு உப்பு கரைந்து நிற்காமல் துருவாகப் படிந்துவிடும். ஆகவே அதைப் பிடித்து வைத்திருக்கும் இடிடிஏ அல்லது குளுக்கோனேட்டோடு சேர்ந்த வடிவில் சிறிதளவே கொடுக்க வேண்டும். மாங்கனீசு, அயோடின் போன்றவையும் தேவைதான், ஆனால் மாதாமாதம் நீரில் ஒரு பகுதியை மாற்றுபவர்களுக்கு உப்புக் கலவையிலிருந்தே அவை பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. இக்கடையின் பாட்டிலில் இந்தச் சத்துகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. ‘வாரம் ஒரு மூடி’ என்று மட்டும் போட்டிருக்கிறது. நூறு லிட்டர்த் தொட்டிக்கும் நானூறு லிட்டர்த் தொட்டிக்கும் ஒரே மூடியா? எண்களைக் கேட்டே விற்கும் கடை, தன் பொருளின் எண்களை மறைப்பது சரியல்ல. அதைச் சொன்னபோது அடுத்த முறை அச்சிடுவதாகச் சொன்னார்கள். சென்ற மாதம் பார்த்த பாட்டிலிலும் அது இல்லை. உள்ளடக்கத்தை அச்சிட்டு விற்கும் நிறுவனங்களின் உரம் இதே அலமாரியில் இருக்கும்போது, இதை வாங்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து பாசித் தொட்டி அமைத்துத் தரும் சேவையைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும். வருகிற பையன் முதலில் குழாய்த் தண்ணீரைத்தான் விசாரிக்கிறான். இந்த ஊரின் பல வீடுகளில் காவிரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கலந்து வருகின்றன. ஆர்ஓவுக்குப் பின் அயனி நீக்கியும் வைத்து, டிடிஎஸ் பூஜ்யமாக்கிய நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு நீரோட்டத்தைச் சரிசெய்கிறான். கீட்டோ உருண்டை ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்தால் உட்புறம் இருளில் அழுகும், ஆகவே அது மெல்லப் புரண்டுகொண்டே இருக்கும்படி குழாயின் வாயைத் திருப்பி வைக்கிறான். மேல்தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு அடித்தொட்டி விளக்கு எரியும்படி நேரங்காட்டி பொருத்துவது மற்றொரு வேலை. இரவில் மீனும் பவளமும் வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் பிஎச் சரிவது குறைகிறது. நேரங்காட்டி மின்வெட்டுக்குப் பின் நேரம் தப்பாமல் இருக்க, உள்ளே பேட்டரி உள்ளதையே வாங்கச் சொல்கிறார்கள். மின்சாரம் இல்லாத இரவில் பாசியும் பிராணவாயுவைச் செலவழிக்கும் என்பதால், பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது என்று அவன் சொல்வதும் நியாயமே. கூலி அதிகம்தான், வேலையைப் பார்த்தால் கொடுத்ததில் மனக்குறை இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் முறையை மட்டும் இவர்கள் மாற்றியாக வேண்டும். பை நிறைய நீரும் பாசியும் அடைத்து, காற்றே இல்லாமல் முடிச்சுப் போட்டு, வண்டிக்காரரின் முதுகுப்பையில் வைத்து அனுப்புகிறார்கள். ஒயிட்ஃபீல்டு சாலை நெரிசலில் நண்பகல் வெயிலில் வந்த ஒரு பையைத் திறந்தபோது நீர் வெதுவெதுப்பாக இருந்தது, கீட்டோவில் ஒரு பக்கம் துவண்டிருந்தது. ஈரமான பாசிக்கு இவ்வளவு நீர் தேவையே இல்லை. இழைகள் நனைந்திருக்கும் அளவுக்கு நீரும், மீதி காற்றும், வெப்பம் தாங்கும் பெட்டியும் போதும். இதைச் சொல்லி வாங்கினால் அப்படியே கட்டித் தருகிறார்கள், சொல்லாவிட்டால் பழையபடிதான். நேரில் போய் வாங்கி வருவதே உத்தமம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

விலை மற்ற கடைகளைவிடக் கூடுதல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இங்கே வாங்கிய பாசி வளர்ந்து பெருகினால், மிகுதியைக் கடையே திரும்ப எடுத்துக்கொண்டு, அதன் எடைக்குத் தீவனமோ உப்போ தருகிறது. பாசி உண்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் தொட்டியைவிட்டு வெளியேறுவது அறுவடை செய்யும்போதுதான் என்பதால், இந்த ஏற்பாடு வாடிக்கையாளரைத் தவறாமல் கத்தரிக்க வைக்கிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம் என்கிறார் அக்கா. திரும்பக் கொடுக்கும் பாசியையும் அதே வெள்ளைத் தட்டில் போட்டு ஆய்ந்து, ஐப்டேசியா இருந்தால் வாங்க மறுத்துவிடுவார் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகு போனால் அவரைப் பார்க்கலாம்.